ஏழாவது டேக்

ரொட்டி வண்டி ஓட்டும் லெஸ் கிராப்ட்ரீ, மார்ச் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், சொந்த ஊரான ஹார்ன்பரியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். அது அவருக்குத் தெரிந்தது மறுநாள்தான்.

காரணம் படப்பிடிப்பு. ஊர் நடுவிலிருந்த அறுநூறு வருஷத்து மண்டபத்தை வாடகைக்கு விடுவது அவர் மனைவி வெண்டாவின் வேலை. படக்காரர்கள் கொண்டுவந்த அட்டை நாற்காலியை ஒதுக்கிவிட்டு, மேடையிலிருந்த, அந்தக் காலத்துப் பிரபுக்கள் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன பழைய நீதி நாற்காலியைக் கேட்டார்கள். வெண்டா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஓசிச் சாப்பாட்டுக்காகக் கைதி வேஷம் கட்டிய லெஸ்ஸைப் பார்த்து, பிரபு வேஷக்காரர் அதில் அமர்ந்து, "இனி இந்த மண்ணில் உன் கால் படக் கூடாது" என்று ஏழு டேக் சொன்னார். ஏழாவது ஓகே ஆனது.

மறுநாள் ரொட்டி எடுக்கப் போய்த் திரும்பிய வண்டி, ஊருக்குள் வரும் பாலத்தில் ஏறி, ஏறிய கரையிலேயே இறங்கியது. பஸ்ஸில் முயன்றார். பஸ் ஊருக்குள் வந்தது. அவர் சீட் காலி. டிக்கெட்டோடு அக்கரை நிறுத்தத்தில் நின்றிருந்தார்.

நகரமன்றத் தலைவர் நாற்காலியில் அமர்ந்து மன்னித்துப் பார்த்தார். பலிக்கவில்லை. அதில் உட்கார்ந்து யாரும் யாரையும் மன்னித்த வழக்கமில்லை. மெழுகுவத்தி ஏற்றக்கூடாது, பூத் தூவக்கூடாது என்ற மண்டப வாடகை விதிகளோடு தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதும் சேர்ந்தது. முன்பதிவு குறையவில்லை.

லெஸ் அக்கரையில் கேரவன் வண்டியில் குடியேறினார். வெண்டா நாளைக்கு நாலு தடவை பாலம் கடந்தாள். ஊரில் இருந்தால் அவர் நினைப்பு, அக்கரைக்குப் போனால் மண்டபத்துப் போன். கோடை போய்ப் பனி வந்தது. படமும் வந்தது, அந்தக் காட்சியை வெட்டியிருந்தார்கள்.

"உக்காரேன்டி."

"கல்யாண பார்ட்டி சாவிக்கு நிக்கிறாங்க."

"அவங்க கல்யாணத்துக்கு ஓடு. உன் கல்யாணம் இங்க ஒத்தையா டீ குடிக்குது."

"நக்கலா? ஓசிச் சோத்துக்குப் போனது யாரு?"

"நாற்காலியத் தூக்கிக் குடுத்தது யாரு?"

அந்த வெள்ளிக்கிழமை வெண்டா மண்டபத்தைப் பெருக்கி, சாவியை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பிரபு வேஷக்காரரின் அதே வாக்கியத்தைத் தன் பெயரைச் சேர்த்துச் சொன்னாள்.

பாலம் கடந்ததும், பலித்ததா என்று சந்தேகம். ஊர்ப்பக்கம் திரும்பி நடந்தாள். பாலம் அவளை லெஸ்ஸின் வாசலில் இறக்கிவிட்டது. மறுபடி நடந்தாள். மறுபடி வாசல். கோட்டுப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் தடவை வந்து நின்றபோது லெஸ் கதவைத் திறந்து பிடித்திருந்தார்.

"சோதிச்சது போதும், உள்ள வா. குளிருது."




வெண்டா காலணியைக் கழற்றினாள்.