இன்னும் கோபப்படவில்லை

சிவப்புப் பெர்ரிச் சாறு என் வெள்ளைச் சட்டையில் கொட்டியபோது மணி பத்தேகால். பதினொன்றுக்கு ஜெபக்கூடத்தில் இருக்க வேண்டும். என் ஆறு வயது மகள் சைமி காலிக் கோப்பையோடு அடுப்போரம் அசையாமல் நின்றாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வியாழக்கிழமை அவள் வாசல்கதவைத் திறந்து போட்டுவிட்டாள் என்று பனிக்காலணியைத் தூக்கி எறிந்தேன். அது அவள் காதோரமாகப் போய்ச் சுவரில் மோதியது. ஒரு விரற்கடை இந்தப் பக்கம் வந்திருந்தால்? அதற்கு மேல் நினைக்கத் துணிவில்லை. அன்றிலிருந்து என்னைக் கண்டு எனக்கே பயமாக இருக்கிறது.

பின்லாந்தின் வடக்கில் எங்கள் சபையாரிடம் ஒரு வழக்கம். தப்புச் செய்தவன், யாருக்குச் செய்தானோ அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்பான். இயேசுவின் நாமத்திலும் இரத்தத்திலும் மன்னிக்கப்பட்டது, அதை விசுவாசி என்று அவர் சொல்ல வேண்டும். மாட்டேன் என்றவரை நான் பார்த்ததில்லை. வியாழனன்று நானும் மண்டியிட்டுக் கேட்டேன். சைமி சொன்னாள். பாரம் இறங்கி, இரண்டு தட்டு கஞ்சி குடித்தேன்.

"உனக்கு இறங்கிடுச்சு ஆர்வோ," என்றாள் என் மனைவி ஹெல்வி, மகள் தொடாத தட்டை எடுத்துக்கொண்டே. "பிள்ளைக்கு?"

இப்போது சாறு வயிறுவரை ஊற, காது இரண்டும் சூடேறின. கர்த்தாவே, என்னை அடக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேண்டினேன். மூச்சை இழுத்து விட்டேன். மறுபடியும் இழுத்தேன். மெல்ல மெல்லக் கோபம் இறங்கியது. நிஜமாகவே இறங்கியது! ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில், சைமியின் தலைக்கு மேல் தொங்கிய துண்டை எடுக்கப் போனேன்.

சைமி கண்களை இறுக மூடினாள்.

"இயேசுவோட நாமத்துலயும் ரத்தத்துலயும் மன்னிச்சாச்சு, நம்புப்பா," என்றாள் படபடவென்று. "நம்புப்பா."

"நான் ஒண்ணுமே பண்ணலையே அம்மாடி."

"பரவால்ல. மொதல்லயே சொல்லிட்டேன்."

வெளியே காரின் ஹாரன் அடித்தது. "ஆர்வோ! பிரசங்கியார் ஆமென் சொல்றதுக்குள்ளயாவது வந்துடுவியா?" என்று ஹெல்வி கத்தினாள்.

வியாழனன்று சைமி என்னை மன்னித்ததும் இப்படித்தானா? துண்டை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்து சைமி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. என் கைகள் எங்கே என்று தேடினாள்.