பழைய எண் ஏழு, புதிய எண் பதினாறு

சடையன் ஒரு பொய் சொன்னால் எதிர்வீட்டு அருணாதேவியின் மொட்டை மாடியில் ஒரு தேங்காய் விழும். பூந்தோட்டத் தெருவில் தென்னை மரம் கிடையாது; இருந்த ஒன்றையும் கேபிள் வயர் இழுக்கும்போது வெட்டியாகிவிட்டது. தேங்காய் நேராக வானத்திலிருந்துதான் வந்தது. சின்னப் பொய்க்குச் சின்னத் தேங்காய், உரித்து, குடுமி விட்டு, அர்ச்சனைத் தட்டில் வைக்கிற பதத்தில் இருக்கும். பெரிய பொய்க்கு மட்டையோடு விழும். சடையன் ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரு பௌர்ணமியன்று வெளியூர்க் குடும்பம் ஒன்றிடம், மலையைச் சுற்றும் பாதை இருபத்திரண்டு கிலோமீட்டர், நடந்தால் முட்டி போய்விடும் என்று சொல்லி ஏற்றிக்கொண்டான். பாதை பதினான்கு கிலோமீட்டர்தான். அன்றைக்கு மட்டையோடு இரண்டு விழுந்து தண்ணீர்த் தொட்டியின் மூடி நொறுங்கியது.

இதைக் கண்டுபிடிக்க அருணாதேவிக்கு எட்டு மாதம் ஆனது. முதலில் குரங்கு என்று நினைத்தாள். இந்த ஊரில் எது காணாமல் போனாலும் எது கூடுதலாகக் கிடைத்தாலும் குரங்கு என்றுதான் நினைப்பார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது, சடையன் தன் வாசலில் பனியனோடு பல் விளக்கியபடி யாருடனோ போனில் பேசினான்.

"வந்துட்டேன் சார், பெரிய தேர்கிட்ட நிக்கிறேன், அஞ்சே நிமிஷம்."

அவன் வாயை மூடுவதற்குள் அவள் காலடியில் தேங்காய் விழுந்தது. அவள் குனிந்து எடுத்தாள். சடையன் மறுபடியும், "வண்டி சிக்னல்ல மாட்டிக்கிச்சு சார்" என்றான். இன்னொன்று விழுந்தது. அதோடு அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. அன்று முதல் அவள் துணி காயப் போட ஹெல்மெட் மாட்டிக்கொண்டு மேலே போனாள்.

காரணத்தைச் சொன்னவர் கூரியர் கொண்டுவரும் மணி. இந்தத் தெருவில் இருபத்திரண்டு வீடு. முன்பு எண்கள் வேப்பமரத்துப் பக்க வரிசையில் தொடங்கி, முனையில் திரும்பி, எதிர் வரிசையில் முடிந்தன. பிறகு தெருவுக்குப் புது எண் போட்டபோது எதிர் வரிசையில் தொடங்கிவிட்டார்கள். அதனால் எதிரெதிரே இருக்கும் வீடுகளுக்கெல்லாம் எண் இடம் மாறிப்போனது. அருணாதேவியின் வீடு பழைய எண் ஏழு, புதிய எண் பதினாறு. சடையன் வீடு பழைய எண் பதினாறு, புதிய எண் ஏழு. அவள் ஆர்டர் செய்த தையல் நூல் அவன் வீட்டுக்குப் போகும். அவன் வாங்கிய ஹாரன் இவள் வீட்டுக்கு வரும். மணி தேங்காயைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, தொழில் தெரிந்தவர் சொல்கிற தோரணையில் சொன்னார்.

"மேல எழுதறவரு புதுசு, புது நம்பர்ல எழுதறாரு. கொண்டாந்து போடறவரு பழைய ஆளு. அவருக்குப் பழைய நம்பர்தான் தெரியும். எங்க ஆபீஸ்லயும் இதே ரோதனதான்மா."

சடையன் செய்கிற பாவம் இங்கே வந்து விழுகிறது என்றால், அருணாதேவி செய்கிற புண்ணியம் எங்கே போகிறது? அவள் கணவர் குமரேசன்தான் அதைக் கவனித்தார். பம்புசெட் பழுது பார்க்கிறவர். எங்கே அடைத்தால் எங்கே பொங்கும் என்று பார்த்தே பழகியவர். பெயரில் மட்டும் சடை வைத்திருந்த சடையனின் வழுக்கைத் தலையில் முடி முளைத்துக்கொண்டிருந்தது. அருணாதேவி தெருநாய்க்கு பிஸ்கட் போட்டால் பிடரியில் அரை அங்குலம். வயதான பூக்காரிக்குக் கூலி வாங்காமல் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தால் காதோரம் சுருள். மூன்று வருடத்தில் பின்தலை முழுக்க அடர்ந்து, முன்நெற்றியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பாக்கி இருந்தது. அந்த முடியை நம்பி கீழ்பென்னாத்தூரில் எழில் என்ற பெண்ணின் வீட்டார் தை மாதம் கல்யாணம் என்று பேசியும் வைத்திருந்தார்கள்.

அருணாதேவிக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? ஊரெல்லாம் ஓடி ஓடி உதவி செய்தது எதிர்வீட்டுக்காரன் மண்டைக்கு உரமாகப் போயிருக்கிறது. குமரேசனுக்கு மட்டும் இதில் குறையே இல்லை. மூன்று வருடமாக அவர் கடையில் தேங்காய் வாங்கவில்லை. தினமும் கெட்டிச் சட்னி. "அவன்பாட்டுக்குச் சொல்லட்டும் வுடு" என்றார். அவள் விடவில்லை. கோயிலில் சிவராம் குருக்களிடம் போய் முறையிட்டாள். அவர் யோசித்துவிட்டு, பெயர், நட்சத்திரம், கோத்திரத்தோடு கதவு எண்ணையும் சேர்த்து, பழையது புதியது இரண்டையும் சொல்லி அர்ச்சனை செய்தார். மறுநாள் கேஸ் சிலிண்டர் சரியான வீட்டுக்கு வந்தது. தேங்காய் வழக்கம்போல விழுந்தது.

கடைசியில் அவள் கெட்டவளாவது என்று முடிவு செய்தாள். தான் பாவம் செய்தால் அது சடையன் தலையில்தானே விடியும், அவனும் வழிக்கு வருவான் என்பது கணக்கு. முதல் நாள் நாயைக் கல்லால் அடிக்கக் குறி பார்த்தாள். அது வாலை ஆட்டியது. கல்லைப் போட்டுவிட்டு முழு பிஸ்கட் பாக்கெட்டையும் பிரித்து வைத்தாள். இரண்டாம் நாள் ஆசிரமத்துக்கு வழி கேட்ட வெள்ளைக்காரர் ஒருவரை நேர் எதிர்த் திசையில் அனுப்பினாள். அவர் கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டு நடந்தார். பத்து எண்ணுவதற்குள் மனசு கேட்கவில்லை. செங்கம் சாலையில் பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடித்து, ஆசிரம வாசல் வரை கொண்டுபோய் விட்டு, தண்ணீர் பாட்டிலும் வாங்கிக் கொடுத்தாள். அன்று சாயங்காலம், இதற்குள் எல்லாக் கணக்கும் தெரிந்துவைத்திருந்த சடையன் வாசலில் நின்று தலை சீவிக்கொண்டிருந்தான்.

"உனக்கு அதெல்லாம் வராதுக்கா" என்றான் பரிதாபமாக. அவன் பொய் சொல்லவில்லை என்பதால் ஒன்றும் விழவில்லை.

இப்படியே போயிருக்கும். ஆனால் கார்த்திகை தீபம் வந்தது. தீபத்தன்று சாயங்காலம் வாசலில் ஷாமியானா போட்டு முந்நூறு பேருக்குச் சாம்பார் சாதமும் கேசரியும் போடுவது அருணாதேவியின் வழக்கம். ஒன்பது வருடம் விட்டதில்லை. வருடம் முழுக்க குனிந்து தைக்கிறவள் நிமிர்ந்து நிற்கிற நாள் அது ஒன்றுதான். அதே தீபத்தன்றுதான் சடையனும் வருடத்திலேயே ஜாஸ்தி பொய் சொல்லுவான். ரோடு பிளாக் என்பான், கோயில் வாசலிலேயே இறக்குவேன் என்பான், வேறு ஆட்டோவே இன்றைக்கு ஓடாது என்பான். போன தீபத்தன்று நாற்பத்தோரு தேங்காய் விழுந்ததை அவளே பொறுக்கி எடுத்திருக்கிறாள். அப்போது எல்லாம் மாடியோடு நின்றன. இந்த ஆடியிலிருந்து குறி தவறி, வாசலிலும் விழ ஆரம்பித்திருந்தன. ஷாமியானா துணிக்குக் கீழே முந்நூறு தலை. அவளுக்கு நான்கு நாள் தூக்கம் வரவில்லை. இந்த வருடம் அன்னதானம் கிடையாது என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் வந்து அழுதாள்.

செய்தி கேட்டதும் சடையன் ஓடி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"இன்னாக்கா இப்புடி பண்ற? முந்நூறு பேர் சாப்பாட்ட நம்பித்தான முன்நெத்திய வுட்டு வெச்சிருக்கேன். தைக்கு இன்னும் ரெண்டு மாசம்கூட இல்ல."

"அப்ப நீ வாய மூடிக்கினு ஓட்டு."

"ஒரு நாள் ஃபுல்லாவா?"

"ஒரு நாள் ஃபுல்லா."

சடையன் வெகுநேரம் தலையைத் தடவிக்கொண்டே நின்றான். பிறகு மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒத்துக்கொண்டான்.

தீபத்தன்று சடையன் காலை ஆறு மணி முதல் உண்மையே பேசினான். தற்காலிக பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர்களிடம், "பாதி வழிதான் வுடுவாங்க, மீதி நடக்கணும்" என்றான். யாரும் நம்பவில்லை. "கோயில் இதோ அஞ்சு நிமிஷ நடைதான், ஆட்டோ வேணாம்" என்று ஒரு குடும்பத்திடம் சொன்னதற்கு, இவன் எதையோ மறைக்கிறான் என்று வலுக்கட்டாயமாக ஏறி உட்கார்ந்தார்கள். மற்ற டிரைவர்கள் அவனுக்கு ஜுரமா என்று தொட்டுப் பார்த்தார்கள். பூந்தோட்டத் தெருவில் அருணாதேவி சாம்பார் சாதத்தைக் கிளறுவதும் வானத்தைப் பார்ப்பதுமாக இருந்தாள். மத்தியானம் ஒன்றும் விழவில்லை, நான்கு மணிக்கு விழவில்லை. ஐந்தரைக்குப் பந்தி உட்கார்ந்தது. குமரேசன் முன்னெச்சரிக்கையாகத் தலையில் அண்டா மூடியோடு கேசரி வைத்துக்கொண்டு போனார்.

ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் ஏறியது. ஊர் மொத்தமும் அரோகரா என்றது. பந்தியில் இருந்தவர்கள் இலையை விட்டு எழுந்து கும்பிட்டார்கள். அருணாதேவியும் கரண்டியோடு கையைத் தூக்கினாள், அப்போதுதான் பார்த்தாள். மேலே ஒன்று வந்துகொண்டிருந்தது. ஒன்பது வருடமும் முந்நூறு தலையும் அவள் கண்முன் உடைந்தன. ஆனால் அது விழவில்லை, இறங்கியது. ஷாமியானா ஓரமாக விலகி, மின்சாரக் கம்பியைத் தொடாமல் ஒதுங்கி, அவசரமே இல்லாமல் வந்து அவள் நீட்டிய கைகளில் உட்கார்ந்தது. பச்சை இளநீர். மேலே சீவி, ஸ்ட்ரா போட்டிருந்தது.

எட்டரை மணிக்குச் சடையன் வண்டியைத் தெருமுனையிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டேன்க்கா. யார் தலையிலனா வுழுந்துச்சா?"

"இன்னாடா சொன்ன?"

அவன் சொன்னான். அடி அண்ணாமலையிலிருந்து தனியாக வந்த ஆதிலட்சுமி என்ற கிழவியை ஏற்றியிருந்தான். கண்ணில் புரை, சாயங்காலம் ஆனால் வெளிச்சம் மட்டும்தான் தெரியும். ஆறு மணிக்கு வண்டி கூட்டத்தில் சிக்கிக்கொண்டது. மலை ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் மறைந்துவிட்டது. சுற்றிலும் அரோகரா. கிழவி தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, பஜ்ஜிக் கடையில் தொங்கிய குண்டு பல்பைப் பார்த்துக் கை நீட்டி, மஞ்சளா ஒண்ணு தெரியுதே, அதுதானாப்பா என்று கேட்டாள்.

"அதேதாம்மா, நல்லா கும்புட்டுக்கன்னு சொல்லிட்டேன். பந்தி நெனப்பு வந்துச்சுக்கா, என் தலைமுடி நெனப்பும் வந்துச்சு. அந்தம்மா மூஞ்சியப் பாத்தா வேற சொல்ல வாய் வரல. ரொம்ப நேரம் கும்புட்டாங்க."

இத்தனை நாள் இவனைத் திட்டிய அருணாதேவி உள்ளே போய், குடிக்காமல் வைத்திருந்த இளநீரைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் ஒரே மூச்சில் குடித்தான். அதற்குள் முன்நெற்றியில் முந்நூறு பேர் சாப்பாடு முளைத்து, கண்ணை மறைத்தது.

கல்யாணம் தையில் நல்லபடியாக நடந்தது. சடையன் திருந்திவிட்டான் என்று யாரும் சொல்ல முடியாது. வாரத்துக்கு ஐந்தாறு தேங்காய் இப்போதும் வருகிறது. குமரேசனுக்கு அது பற்றவில்லை, கடையில் வாங்கவேண்டியிருக்கிறது என்று முணுமுணுக்கிறார். ஆசிரமத்துப் பக்கம் காபிக் கடைகளில் உட்கார்ந்து, கர்மா என்று ஒன்று நிஜமாகவே உண்டா என்று வெளிநாட்டுக்காரர்கள் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். பூந்தோட்டத் தெருவில் அந்தப் பேச்சே கிடையாது. வெளியே வரும்போது ஒருமுறை மேலே பார்த்துவிட்டு வருவார்கள், அவ்வளவுதான். வீட்டு எண்ணை மாற்ற மனு கொடுக்கலாம் என்று மணி சொன்னபோது, வேண்டாம், இருக்கட்டும் என்றுவிட்டாள் அருணாதேவி. மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ இளநீர் இறங்குகிறது. அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்கிறாள். யாரிடம் என்ன சொன்னாய் என்று அவனைக் கேட்பதில்லை. பாதியைக் குடித்துவிட்டு மீதியை எதிர்வீட்டு எழிலுக்குக் கொடுத்தனுப்புகிறாள். எழிலுக்கு இப்போது ஐந்தாம் மாதம். சடையன் மாதம் மூன்று தடவை முடி வெட்டிக்கொள்கிறான்.