கேட்காமல் எழுதியது

அறக்கட்டளைக்கு அனுப்பும் விண்ணப்பப் படிவத்தின் ஏழாவது கேள்விதான் அவளை மாட்டிவிட்டது. ‘உங்கள் மையத்துக்கு வரும் ஒரு குழந்தையைப் பற்றி எழுதுங்கள்.’

வீட்டில் நிம்மதியில்லாத பிள்ளைகள் பள்ளி விட்டதும் வந்து உட்காரும் மையம் அது. அவர்கள் மனம்விட்டுப் பேசுவதைக் கேட்பது அவள் வேலை. எல்லோருக்கும் அவள் ‘மிஸ்’. இருப்பதோ ஒரே அறை. அழுகிற பிள்ளையோடு தனியாகப் பேச மாடிப்படிதான் கதி. அறக்கட்டளை கைகொடுத்தால் தனி அறை கட்டலாம், இன்னொரு ஆலோசகரை வைக்கலாம், காத்திருக்கும் இருபது பிள்ளைகளையும் சேர்க்கலாம். மூன்று வருடமாக எழுதிப் போட்டும் பலிக்கவில்லை.

இந்தத் தடவை விடக்கூடாது என்று, பன்னிரண்டு வயதுப் பெண்ணொருத்தி படியில் உட்கார்ந்து சொன்னதை எழுதிவிட்டாள். அப்பா குடித்துவிட்டு வரும் சத்தம் கேட்டால், அந்தப் பெண் தங்கையைத் துணி அலமாரிக்குள் உட்காரவைப்பாளாம். கதவிடுக்கில் தன் விரல் ஒன்றை நுழைத்து, அதைப் பிடித்துக்கொள்ளும்படி தங்கையிடம் சொல்லிவிட்டு, தான் வெளியே நிற்பாளாம். அப்பா இப்போது வீட்டில் இல்லை. ஆனாலும், “யார்கிட்டயும் சொல்லாதீங்க மிஸ்” என்றிருந்தாள்.

மிஸ் பெயரை மாற்றினாள், வயதை மாற்றினாள். விரலை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. படிப்பவர் நெஞ்சைப் பிடித்து உலுக்குவது அதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

பலித்தது. அறை எழும்பியது. திறப்பு நாளன்று அறக்கட்டளையை நடத்தும் அம்மா மேடையேறி, மிஸ் எழுதியதை அச்சிட்ட புத்தகத்தைப் பிரித்தார்.

“இந்தக் கதைதான் எங்களை இங்க இழுத்துட்டு வந்தது” என்று சொல்லிவிட்டுப் படிக்கத் தொடங்கினார்.

அச்சிடுவார்கள் என்று மிஸ் நினைக்கவே இல்லை. இரண்டாம் வரிசையில் அக்காளும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள்.

படித்து முடிப்பதற்குள் தங்கை துள்ளி எழுந்துவிட்டாள். “அக்கா! அவங்களும் நம்மள மாதிரியே விரல் பிடிச்சிருக்காங்க!”

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. பெரியவள் தங்கையைக் கூட்டிக்கொண்டு வெளியே போனாள்.

ஒரு வாரம் இருவரும் வரவில்லை. எட்டாம் நாள் மிஸ் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினாள். பெரியவள் பாதிக் கதவுதான் திறந்தாள்.

“உள்ள வரட்டுமா?”

“இங்கயே சொல்லுங்க.”

“தப்பு என்னோடதும்மா. உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.”

“கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். அது உங்களுக்கும் தெரியும். அதனாலதான் நீங்க கேக்கல.”

அந்த இருபது பிள்ளைகளைப் பற்றிச் சொல்லத்தான் மிஸ் வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு வந்திருந்தாள். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டாள்.

“ஆமா” என்றாள்.

“அப்பா குடிச்சுட்டு வர்றப்ப அம்மா வேலைக்குப் போயிருப்பாங்க. அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது. அன்னைக்கு விழாவுல, பின்னாடி நின்னு கேட்டுட்டாங்க. வந்ததுலேருந்து சரியா சாப்பிடவே இல்ல, மிஸ்.”

கதவு சாத்திக்கொண்டது.

மறுநாள் காலை மிஸ் அறக்கட்டளைக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினாள். உதவியை நிறுத்தினாலும் சரியென்று துணிந்துதான். அறக்கட்டளை அம்மாவே தொலைபேசியில் கூப்பிட்டார். “புத்தகத்தையெல்லாம் திரும்ப வாங்கிடறோம். உதவி நிக்காது. படிவத்துல அந்தக் கேள்வியை நாங்களும் கேட்டிருக்கக் கூடாதும்மா.” நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது மிஸ்ஸுக்கு.

மூன்றாம் வாரம் அக்காளும் தங்கையும் வந்தார்கள். பெரியவள் நேரே மிஸ்ஸிடம் வந்து நின்றாள்.

“எனக்குப் பேச வேற யாராவது வேணும்.”

“புதுசா ஒருத்தர் சேர்ந்திருக்காங்க. நல்லவங்க.”

“அவங்க எழுதுவாங்களா?”

“போனதும் முதல்ல அதைக் கேளு” என்றாள் மிஸ்.

பெரியவள் புது அறைக்குள் போனாள். மிஸ் மற்ற பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, உள்ளே பேசுவது காதில் விழாத தூரத்துக்கு, முற்றத்தின் கடைசிக்கு நடந்தாள்.