சுவர் விழுந்த பிறகும் நின்ற ஓட்டை

எங்கள் சமையலறைச் சுவரில் இருந்த பீரங்கிக்குண்டு ஓட்டை பாதுகாக்கப்பட்ட சின்னம். சுவர் அப்படியல்ல. அதனால் போன ஐப்பசி மழையில் சுவர் விழுந்தபோது ஓட்டை மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது.

எங்கள் ஊருக்கு மதில் கட்டி, உள்ளே எட்டுத் தெருக்கள் போட்டவர்கள் டச்சுக்காரர்கள். கடலில் இருந்து மூன்று நாள் சுட்டவர்கள் ஆங்கிலேயர்கள். ஒரு குண்டு மதிலைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் வந்தது. பிறகு இரண்டு பேரும் போய்விட்டார்கள், பாரம்பரிய அலுவலகம் வந்தது. ஓட்டையைப் பதிவேட்டில் பதினேழாம் எண்ணாக ஏற்றினார்கள். குறுக்களவு ஒரு முழத்துக்கு இரண்டு விரல் குறைவு.

ஓட்டைக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு ஜைனம்புவின் சமையலறை. என் மனைவி பரிபூரணமும் அவளும் முப்பத்தொரு வருஷம் அதன் வழியாகத்தான் புளிக்குழம்பும் மீன் ஆணமும் மாற்றிக்கொண்டார்கள். என்னைப் பற்றிப் பேசிச் சிரித்ததும் அதன் வழியாகத்தான். பரிபூரணம் தவறிப்போன பிறகு தினமும் காலை ஏழு மணிக்கு ஜைனம்பு ஓட்டைக்குள் கை நீட்டி, "அண்ணே, இருக்கீங்களா?" என்று கேட்பாள். "இருக்கேன்" என்று சொல்லிக் கிண்ணத்தை வாங்கிக்கொள்வேன். ஒன்பது வருஷமாக என்னை அப்படிக் கேட்பவர் வேறு யாரும் இல்லை. பதில் வராவிட்டால் அவள் பயந்துவிடுவாள் என்று நான் ஒரு நாள்கூட வெளியூரில் தங்கியதில்லை.

சுவர் விழுந்த மறுநாளும் ஓட்டை வழியாகத்தான் கை வந்தது. பக்கத்திலேயே அவள் முழுதாகத் தெரிந்தாள்.

"சுத்தி வரலாமேம்மா" என்றேன்.

"சுவர் போனா மரியாதையும் போயிடணுமா? பிடிங்க, சுடுது."

வியாழக்கிழமை பாரம்பரிய அலுவலர் மாசிலாமணி அளவு நாடாவோடு வந்தார். ஓட்டையை நாலு பக்கமும் அளந்தார். விரலால் உள்பக்கம் தட்டிப் பார்த்தார்.

"ஓட்டைக்குச் சேதமில்லை சார். ஆனா சுவர் இல்லாத ஓட்டை அசையும் பொருள் கணக்குல வரும். திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு எடுத்துட்டுப் போறோம்."

"சுவரைத் திரும்பக் கட்டிடறேன்."

"சின்னத்தைச் சுத்திப் பத்தடிக்குப் புதுக் கட்டடம் கூடாதே."

"அப்ப என்னை யார் சார் கேப்பா?"

அவர் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். அதற்கு விதி இல்லை. நாலு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை நாலு ஆட்கள் வந்தார்கள். ஓட்டையின் விளிம்பு அடிபடாமல் வைக்கோல் சுற்றி, கயிறு கட்டினார்கள். தூக்கப் போகும்போது மணி ஏழு. கிண்ணத்தோடு ஒரு கை முழங்கை வரை உள்ளே வந்தது.

"அண்ணே, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"கையை எடுங்கம்மா" என்றார் மாசிலாமணி.

"அவர் வாங்கட்டும், எடுக்கறேன்."

நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஆட்கள் கயிற்றைப் பிடித்தபடி நின்றார்கள். மாசிலாமணி மறுபடி புத்தகத்தைப் புரட்டினார்.

"பயன்பாட்டுல இருக்கிற சின்னத்தை நகர்த்தக் கூடாதுன்னு இருக்கு. இது தினமும் நடக்குதா?"

"ஒன்பது வருஷமா ஏழு மணின்னா ஏழு மணி" என்றாள் ஜைனம்பு. "உங்க ஆபீஸ் மாதிரியா?"

அவர் கயிற்றை அவிழ்க்கச் சொன்னார். பயன்பாட்டுக்குச் சான்று வேண்டும் என்பதால், கேள்வியைப் பதினேழு அ என்றும் பதிலைப் பதினேழு ஆ என்றும் பதிவேட்டில் ஏற்றினார். இனி அவையும் பாதுகாக்கப்பட்டவை, இடத்தை விட்டு நகரக் கூடாது என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார். அதற்குப் பிறகுதான் கிண்ணத்தை வாங்கினேன். ஆணம் ஆறிப்போயிருந்தது. இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

பதில் நகரக் கூடாது என்றுதான் விதி. என்னைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. அதனால் தை மாதம் காரைக்குடிக்கு மகள் வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் நிம்மதியாகத் தங்கினேன். திரும்பி வந்ததும் ஜைனம்புவிடம் விசாரித்தேன்.

"பத்து நாளும் 'இருக்கேன்'னு சரியா வந்துச்சு அண்ணே. புதன்கிழமை மட்டும் தொண்டை கட்டுன மாதிரி இருந்துச்சு. மிளகு ரசம் வச்சுக் கொடுத்தேன்."

"குடிச்சுதா?"

"குடிச்சுட்டு, கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்துச்சு. நீங்க என்னைக்காவது கழுவியிருக்கீங்களா?"

மறுநாளிலிருந்து இரண்டு கிண்ணம் வருகிறது.