ஒட்டுக் கம்பி

“சித்தப்பா, கம்பிக்கு ஏன் ஒரு நுனியில மட்டும் நம்பர் போட்டிருக்கு? இன்னொரு பக்கத்துக்குத் தான் யாருன்னு தெரியாதா?”

ஏழு வயதில் வெல்டிங் பட்டறைக்கு வந்தபோது அண்ணன் மகள் கேட்டது. “நம்பர் இல்லாத பக்கத்துலேர்ந்துதான் உருக்கணும். அப்பத்தான் கடைசித் துண்டு வரைக்கும் அது எந்தக் கம்பின்னு தெரியும்” என்று அவன் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தான். இன்று அவளுக்குப் பதினாறு வயது. முன்னறையில், தலையோடு சேர்த்து மூடிய வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அண்ணனின் முகத்தைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் துணியைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். நீராவி அந்த முகத்தைக் காட்டும்படி விட்டுவைக்கவில்லை.

அவன் வாசலில் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் பொட்டுக்காரர் தெருமுனையில் திரும்பினார்.

பட்டறையில் அவருக்கு அந்தப் பெயர் வைத்ததே அண்ணன்தான். அண்ணன் கம்பியை இணைப்பின் மேல் படுக்கவைத்து, நெருப்பை அதன் மேலேயே ஓட்டிக்கொண்டு போவான். வேகம். இவர் அப்படி இல்லை. உருகிய உலோகக் குட்டையின் முன்விளிம்பில் கம்பி நுனியை ஒரு தொடு தொட்டு, பின்வாங்கி, மறுபடி ஒரு தொடு. “கல்யாணப் பொண்ணுக்குப் பொட்டு வைக்கிற மாதிரி வைக்கிறாரு. முகூர்த்தம் முடிஞ்சிடும் ஐயா” என்று அண்ணன் கிண்டல் செய்வான். ஆனால் ஆவி போகும் குழாய் என்றால் அவரைத்தான் கூப்பிடுவான். நேற்று முன்தினம் பால் ஆலையில் வெடித்தது அவர் ஒட்டிய இணைப்பு. வால்வைத் திறந்துவிட்டு, கசிகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றவன் அண்ணன்.

“எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு வந்தே?”

அண்ணியின் தம்பி, லாரி ஓட்டுபவன், படியிறங்கி வந்தான்.

“பார்த்துட்டுப் போயிடுறேன் தம்பி.”

“பார்க்கிற மாதிரி என்ன மிச்சம் வெச்சிருக்கே?”

முதல் அடி காதோடு சேர்ந்து விழுந்தது. பொட்டுக்காரர் சுவரில் மோதி உட்கார்ந்தார். லாரிக்காரனோடு வந்த இரண்டு பேர் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். மறுபடி அடிப்பதற்காக நிறுத்தினார்கள். வயிற்றில் ஒன்று. வாயில் ஒன்று. ரத்தம் சட்டையில் சொட்டியது. தடுக்கப் போன பக்கத்துவீட்டுக்காரரைத் தள்ளியதில் நாற்காலிகள் சரிந்தன.

அவன் கையில் ஒரு நாற்காலியோடு அப்படியே நின்றான்.

குனிந்து விழுந்தபோது பொட்டுக்காரரின் சட்டைப்பையிலிருந்து ஒரு கம்பித் துண்டு தெறித்துத் தரையில் உருண்டது. அரைச் சாண் இருக்கும். நடுவில் கடுகளவு ஒரு கணு. அவர் ஊர்ந்து போய் அதன் மேல் இடது கையை வைத்து மூடினார்.

“என்னை அடிக்கக் கம்பியா எடுக்கிறே? சாவு வீட்டுல கம்பியா எடுக்கிறே?”

பூட்ஸ் கால் அந்தக் கையின் மேல் இறங்கியது. ஒருமுறை. இரண்டாவது முறை குதிகாலைத் திருகி. விரல் முறிந்த சத்தம் முன்னறை வரைக்கும் கேட்டது. அவர் கத்தவில்லை. கையைத் திறக்கவும் இல்லை. நிமிர்ந்து ஒரு தடவை நாற்காலியோடு நின்றவனைப் பார்த்தார், பார்த்துவிட்டுக் கண்ணை இறக்கிக்கொண்டார்.

அவனுக்குத் தெரிந்திருந்தது. வெடித்த அன்று, எல்லோரும் அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகு, நகராமல் நின்றுவிட்ட அவன் எதிரிலேயே பொட்டுக்காரர் உடைந்த இணைப்பில் காந்தத்தை வைத்துப் பார்த்தார். அந்தக் குழாய்க்கான கம்பியில் காந்தம் அப்படி ஒட்டக்கூடாது. விடாமல் பிடித்துக்கொண்டது. பிறகு, தான் பாதி உருக்கிய கம்பியை எடுத்து விரலால் தடவினார். கணு தட்டுப்பட்டது.

மிஞ்சிய துண்டுகளை நுனியோடு நுனி ஒட்டி நீளக் கம்பியாக்கும் பழக்கம் பட்டறையில் அவன் ஒருவனுக்குத்தான் உண்டு. ஒட்டும்போது நம்பர் உள்ளே உருகிப் போய்விடும். “பேர் தெரியாத பிள்ளைய வீட்டுக்குள்ள விடாதடா” என்று அண்ணன் நூறு தடவை திட்டியிருப்பான். வெடித்ததற்கு முந்தின நாள் அவன் தேய்ந்துபோன வெட்டுக் கத்தியின் முனைகளில் உலோகத்தை உருக்கி ஏற்றியிருந்தான். அதற்கானது கடினக் கம்பி. ஆறினால் கண்ணாடி போல் விறைக்கும், குழாயில் போட்டால் விரிசல் விடும். பார்வைக்கு இரண்டும் ஒரே வெள்ளை. மிஞ்சியதை ஒட்டி, டீ குடிக்கப் போகும் அவசரத்தில், குழாய்க் கம்பி இருந்த பக்கத்து டப்பாவில் போட்டிருந்தான்.

லாரிக்காரன் மூன்றாவது தடவை காலைத் தூக்கினான்.

“மச்சான், நிறுத்து. அந்தக் கம்பி என்னுது.”

யாருக்கும் புரியவில்லை. நாற்காலியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பச் சொன்னான். “ஒட்டினதுதான் அவர். கம்பிய மாத்திப் போட்டது நான். அண்ணன் செத்தது என்னாலதான்.”

“சின்னவரே, வாய மூடுங்க” என்றார் பொட்டுக்காரர் தரையிலிருந்து.

லாரிக்காரன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கீழே கிடந்த நாற்காலியை எடுத்து அவன் தோளில் அடித்தான். நாற்காலியின் கால் உடைந்தது. உடைந்த காலாலும் அடித்தான். அடித்துக்கொண்டே அழுதான். அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை.

அண்ணி வாசலுக்கு வந்தாள். கையில் நனைத்த துண்டு இருந்தது.

“போதும். இந்த வீட்டுக்கு ஒரு சாவு போதும்.”

அவள் சத்தம் போடவில்லை. தம்பியைக் கடந்து போய்ப் பொட்டுக்காரருக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, கம்பியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கையைத் துண்டால் சுற்றினாள். கணவன் கிடக்கும் வீட்டில் இன்னொருவன் காயத்துக்குத் துணி தேட அவளுக்கு எப்படித் தோன்றியதோ, அதைத் தோன்றவைத்தவனுக்குத்தான் தெரியும்.

எழுந்தபோது கொழுந்தனைப் பார்க்காமலே சொன்னாள். “வண்டி வந்தாச்சு. நீங்க தலைப்பக்கம் பிடிங்க தம்பி.”

அவன் பிடித்தான். அடிபட்ட தோள் விண்விண்ணென்று தெறித்தது. தோளை மாற்றிக்கொள்ளவில்லை. அண்ணன் மகள் வண்டி வரைக்கும் பக்கத்திலேயே வந்தாள்.

மறுநாள் காலை ஸ்டேஷனில் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான். கூப்பிடும்போது வரச் சொன்னார்கள். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனான்.

பொட்டுக்காரரின் இடது கை முழங்கை வரைக்கும் கட்டுக்குள் இருந்தது. கம்பியைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி ஊட்டும் கை அது.

“ஏன் அண்ணே அங்கேயே சொல்லல?”

“நானும் பார்த்துத்தானே எடுத்திருக்கணும்? நம்பர் இல்லாததை எடுத்தது என் தப்பு.” உதடு வீங்கியிருந்ததால் பேச்சு குழறியது. “அந்தம்மா ஒருத்தரைப் பறிகொடுத்துட்டு உட்கார்ந்திருக்கு. மிச்சம் இருக்கிற ஒருத்தனையும் பிடுங்கிக் குடுக்கச் சொல்றீங்களா?”

அவன் போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டான்.

“அக்கா எப்ப ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வராங்க?” என்று அவர் மனைவியைப் பற்றிக் கேட்டான்.

“வியாழக்கிழமை. இடுப்பு எலும்பு கூடிடுச்சாம். பிடிச்சு நடக்க ஒரு சட்டம் செஞ்சு வெச்சேன். ரெண்டு ஜாயிண்ட் பாக்கி.” கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். “காகிதம் மாதிரி குழாய். உங்க குடும்பத்து வேகத்துக்கு ஓட்டைதான் விழும். ஆறினப்புறம் நானே பார்த்துக்கிறேன்.”

சிரிக்கப் பார்த்தார். உதடு விரிந்து ரத்தம் கசிந்தது.

வியாழக்கிழமை விடிந்ததும் அவன் பட்டறையைத் திறந்தான். சட்டம் சுவர் ஓரமாகச் சாய்ந்திருந்தது. குழாயை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தான், கம்பியையும் துடைத்தான். முகமூடியை இறக்கினான்.

குட்டை பளபளவென்று கண்ணைத் திறந்தது. முன்விளிம்பில் ஒரு தொடு. பின்வாங்கினான், ஆனால் காற்றுப் படாமல் காக்கும் வாயுவின் குடைக்கு வெளியே நுனியை விடவில்லை. அடுத்த தொடு. கை பழைய வேகத்துக்கு இழுத்தது. மூச்சை விட்டுவிட்டுக் காத்திருந்தான். ஐந்தாவது தொடுக்குப் பிறகு நுனி காற்றில் பட்டுக் கறுத்தது. அவசர நாளாக இருந்தால் அப்படியே முக்கியிருப்பான். நெருப்பை அணைத்து, கறுத்ததை வெட்டிப் போட்டுவிட்டு, மறுபடி ஆரம்பித்தான். தோள் வலித்தது. இரண்டு இணைப்புக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

ஆறிய பிறகு ரப்பர் மூடிகளைக் கால்களில் மாட்டினான். கைப்பிடியை விரலால் சுற்றிச் சுற்றித் தடவினான். எங்கும் நெருடவில்லை.

சட்டத்தைப் பட்டறை நடுவில் நிறுத்தி, இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் பாரம் முழுவதையும் அதன் மேல் போட்டான். பிறகு இடுப்பு முறிந்தவர்கள் நடப்பதுபோல் காலை மெல்ல இழுத்து இழுத்து, கதவு வரைக்கும் நடந்து பார்த்தான்.