சிஸ்டர் போட்ட காபி

சவரியார் வாத்தியார் தான் பெற்ற மகளை "வாங்க சிஸ்டர், சாப்பிடுங்க சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுவார். கன்னியர் மடத்துக்குப் போன பிள்ளையிடம் பெற்றவர்களும் மரியாதையாகத்தான் பேச வேண்டும் என்பது அவர் கட்சி. அவர் மனைவி மரிய புஷ்பமும் ஆள் முன்னால் அப்படியே பேசுவாள். அடுப்படிக்குள் வந்துவிட்டால் மட்டும் "பாப்பா" என்பாள்.

மகள் சகாய பிரியா மடத்தில் இருந்தது பதினான்கு வருஷம். கடைசி ஆறு வருஷம் இத்தாலியில், வயசானவர்களை வைத்துப் பார்க்கும் ஒரு இல்லத்தில் அடுப்படி வேலை. இரண்டாயிரத்து மூன்று ஆடி மாசத்தில் ஒருநாள் பூப்போட்ட சேலை கட்டிக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையும் அட்டைப்பெட்டியுமாக வரதராசன்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். பெட்டியில் இருந்தது காபி மிஷின். கிளம்பும்போது அங்கே இருந்த கிழவி ஒருத்தி கொடுத்தது.

வந்த அன்றே சொல்லிவிட்டாள்.

"அப்பா, நான் மடத்த விட்டு வந்துட்டேன். யாரும் வெரட்டல. செபம் பண்ண உக்காந்தா மனசு வெறும் பானையாட்டம் இருக்கு. மூணு வருசமா அப்படித்தான். பொய்யா இருக்க முடியலப்பா. இங்க உங்ககூட இருந்துகிட்டு ஏதாச்சும் வேலைக்குப் போறேன்."

அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், "சிஸ்டர் லீவுல வந்திருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

மகள் இந்த வீட்டில் இருக்கலாமா, கூடாதா? அதை மட்டும் அவர் சொல்லவில்லை. மரிய புஷ்பத்துக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு அருளாயி பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சிஸ்டர், தலையில கை வச்சி வேண்டிக்குங்க. தெனம் சாயங்காலமானா காய்ச்சலடிக்குது."

சகாய பிரியா அம்மாவைப் பார்த்தாள். அம்மா சுவரைப் பார்த்தாள். குழந்தையின் தலையில் கை வைத்துவிட்டு, "டாக்டர்கிட்டயும் காட்டுங்கக்கா" என்றாள். அருளாயி போனதும் அடுப்படிக்கு வந்து கையைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள்.

"அப்பாகிட்ட ஒருதரம் உக்காந்து பேசணும்மா. எப்ப பேசுனா காது குடுப்பாரு?"

"அவரு எப்ப காது குடுத்தாரு? நாலு மணிக்குக் காபி குடிக்கிறப்ப எந்திரிச்சிப் போக மாட்டாரு. அதான் நேரம்."

"அப்ப காபிய நான் போடறேன். அங்க தெனம் காலையில நாப்பது பேருக்கு நாந்தான் போடுவேன். லாத்தே."

"அப்படின்னா?"

"அவங்க பாசையில பாலு. காபி கொஞ்சம், பாலு நெறைய. மேல ஒரு விரக்கடை நொரை."

"பாலுக்குப் பேரு பாலுன்னு சொல்லிட்டுப் போவியா!"

மிஷினை ஃபிரிட்ஜ் பக்கத்துப் பிளக்கில் மாட்டினார்கள். காட்டில் மோட்டார் ஓடுகிற நேரம். வோல்டேஜ் இல்லாமல் சிவப்பு லைட் மினுக்கியது. மூன்றரைக்கு மேல்தான் சூடேறியது. மிஷினோடு வந்த கைப்பிடி போட்ட கிண்ணத்தில் மரிய புஷ்பம் வீட்டுக் காபித்தூளைத் தானே கொட்டி அமுக்கிக் கொடுத்தாள். நல்லா இருக்கட்டும் என்று இன்னும் ஒரு கரண்டி.

மிஷின் முக்கியது, முனகியது. தார் மாதிரி ஒரு சொட்டு வந்தது. அடுத்த சொட்டு வரவேயில்லை.

"என்ன தூளும்மா இது?"

"எப்பவும் வாங்குறதுதான். பாதிக்குப் பாதி சிக்கரி."

"சிக்கரியா! அது தண்ணி பட்டா களி மாதிரி அடைச்சிக்குமே."

"ஒங்க இத்தாலிக்காரனுக்கு சிக்கரி தெரியாதது என் குத்தமா?"

பாலும் அப்படித்தான் ஆனது. பச்சைப் பாலை யாராவது ஆளுக்குக் கொடுப்பார்களா என்று அம்மா பொங்கப் பொங்கக் காய்ச்சி வைத்திருந்தாள். ஆவிக்குழாயை விட்டால் கல்யாண மண்டபத்து மிஷின் மாதிரி புஸ்ஸென்று சத்தம் மட்டும் வந்தது. கொதித்த பால் நுரைக்கவில்லை. காய்ச்சிய பாலை நன்றாக ஆறவைத்துச் சில்லென்று எடுக்க வேண்டும் என்றாள் மகள்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சவரியார் சொன்னார்: "சிரமப்படாதீங்க சிஸ்டர். புஷ்பம், எப்பவும் போடறத நீ போடு."

மரிய புஷ்பம் மறுநாள் காலை பஸ்ஸில் ஜெயங்கொண்டம் போனாள். காபிக்கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சிக்கரி இல்லாமலா? கசந்து தொலையுமே. யாருக்கும்மா?"

"எம்பொண்ணுக்கு" என்றாள். வாயில் அந்தச் சொல் வந்து எத்தனை காலமோ ஆனது போலிருந்தது.

அன்று நாலு மணிக்கு எல்லாம் சரியாக அமைந்தது. எறும்பு நிறத்தில் காபி நூலாக இறங்கியது. சகாய பிரியா பால் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து, அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். நுரை வெண்ணெய் மாதிரி எழும்பியது. கண்ணாடி டம்ளரில் மெதுவாக ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"அப்பா, இந்தாங்க. குடிச்சிக்கிட்டே நான் சொல்றதக் கேளுங்க."

அவர் குடித்தார். நுரை மீசையில் ஒட்டியது. மடக்கு மடக்காக, அவசரமில்லாமல், அடிவரை குடித்தார். அவள் சொன்னதை எல்லாம் கேட்டார். பக்கத்து ஊர் ஆண்டிமடத்தில் பள்ளிக்கூட வேலை கேட்டுப் பார்ப்பதை, அருளாயியிடம் தானே உண்மையைச் சொல்லப்போவதை, வீட்டில் ஒரு சின்ன அறை போதும் என்பதை.

டம்ளரைக் கீழே வைத்தார்.

"சகாயம்" என்றார்.

பதினான்கு வருஷம் கழித்து அந்தப் பேர். இருந்துக்கம்மா என்று சொல்லப்போகிறார் என்றே மரிய புஷ்பம் நினைத்தாள்.

"காப்பி நல்லாருக்கும்மா. காலையில ஆறு மணிக்குத் திருச்சி பஸ்ஸு ஒன்னு இருக்கு."

"அப்பா..."

"ஒனக்கு நாலு வயசுல ஜன்னி வந்துச்சி. பொழைக்காதுன்னுட்டாங்க. ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்குத் தூக்கிட்டு ஓடுனேன். பொழைச்சா ஒனக்குத்தான் தாயேன்னு பீடத்துல கெடத்துனேன். பொழைச்ச. மாதாவுக்குக் குடுத்தத நான் எப்படிம்மா வூட்டுல வச்சிக்கிறது? ஒம்மேல கோவமில்ல. எனக்குப் பயமா இருக்கு."

"நேந்துகிட்டது நீங்க. போனது நான்."

"ஆமாம்மா. தெரியுது."

மரிய புஷ்பம் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "பெத்தவ நான். குடுக்கறதுக்கு மின்ன என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கேட்டிருந்தா என்னா சொல்லிருப்ப புஷ்பம்?"

அவள் வாயைத் திறந்தாள். ஜன்னியில் வெட்டி வெட்டி இழுத்த அந்தச் சின்ன உடம்பு கண்ணுக்குள் வந்தது.

"சரின்னுதான் சொல்லிருப்பேன்" என்றாள். சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் சவரியார் கட்டிலை விட்டு இறங்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். மகள் அவர் காலைத் தொட்டாள். அவர் திரும்பவில்லை.

பஸ் ஸ்டாப்பில் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாதான் நின்றாள்.

"இத நீங்களே வச்சிக்கங்கம்மா. திருச்சியில ஆஸ்டல்லதான் தங்கணும். அங்க எனக்கு எதுக்கு?"

"வேணாம் பாப்பா. நாலு மணியானா அவரு இதையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு. அத நான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்."

பஸ் வந்தது. மகளுக்கு ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. கையாட்ட இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

முந்திரிக்கொட்டை மூட்டையோடு நின்ற ஊர்க்காரி கமலவேணி கேட்டாள்: "என்னா வாத்தியாரம்மா, சிஸ்டர் அதுக்குள்ள இத்தாலிக்குக் கெளம்பிட்டாங்களா?"

மரிய புஷ்பம் பஸ் போன திசையிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தாலிக்கு இல்ல. திருச்சிக்கு, வேல தேடி. அவ இப்ப சிஸ்டர் இல்ல கமலவேணி. மடத்த விட்டு வந்துட்டா. வூட்டுல வச்சிக்க எங்களுக்குத்தான் தைரியமில்ல."