லெஸ்டர் எடுத்த படத்தில் பந்து இல்லை

சனிக்கிழமை காலையில் எல்ராய் டேட்டின் முடிவெட்டும் கடைக்குப் போனால் முடி வெட்டிக்கொள்ளலாம், வெட்டிக்கொள்ளாமலும் இருக்கலாம். ஆனால் முந்தின நாள் ராத்திரி பள்ளிக்கூட மைதானத்தில் நடந்த, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால் ஆட்டத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லாமல் யாரும் வெளியே வர முடியாது. ஒஹாயோ ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் அதுதான் சட்டம்.

லெஸ்டர் நோவோட்னி முகத்தில் சோப்பு நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்ப்பது அவர் வேலை. அவர் மகன் கர்ட் அணியின் முன்வரிசையில் அறுபத்து நாலாம் நம்பர். எதிரணியில் மலை மலையாக நிற்கிறவர்களை இடித்துத் தள்ளி வழி உண்டாக்குவது அவன் பாடு. அந்த வழியில் பந்தோடு பாய்ந்து போய்ப் பெயர் வாங்குகிற ரன்னிங் பேக், எல்ராயின் அக்கா மகன் மார்லன், இருபத்திரண்டாம் நம்பர். சண்டைக்கு வேறு காரணம் வேண்டுமா?

"ஆயிரத்து நூறு கஜம்யா!" என்றார் எல்ராய், சவரக் கத்தியைத் தீட்டிக்கொண்டே. "ஒம்போது ஆட்டத்துல! இந்த ஊர்ல வேற எவன் ஓடியிருக்கான், சொல்லு?"

"கதவைத் திறந்து வச்சா யார் வேணா உள்ள போலாம். திறக்கிறது யாரு? எங்க கர்ட். அவன் உண்டாக்குற சந்துல என் பொண்டாட்டி மளிகைப் பையோட ஓடுவா."

"அவங்க உன்னைக் கட்டிக்கிட்ட அன்னிக்கே ஓடியிருக்கணும். தலையை ஆட்டாதே, கையில கத்தி இருக்கு."

கடை சிரித்தது. லெஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருஷமாகத் தன் பிள்ளை முட்டி மோதி மண்ணைத் தின்கிறான். உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு தடவைகூட அவன் பெயர் வந்ததில்லை. இந்த ஊரில் என் பிள்ளையைப் பார்க்க ஒரு கண்கூட இல்லையா என்கிற ஆற்றாமை அவருக்கு.

அப்போதுதான் பயிற்சியாளர் பெட்ராக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். "லெஸ்டர், நல்ல வேளை, இங்கயே இருக்கீங்க! ஒரு காலேஜ்ல மார்லனை எடுக்கலாமான்னு யோசிக்கிறாங்க. சம்பளம் கட்டாம நாலு வருஷப் படிப்பு. அவனா, இன்னொரு ஊர்ப் பையனான்னு அடுத்த வாரம் முடிவு பண்றாங்க. நான் கூரை மேலேருந்து எடுத்த வீடியோ டேப்பை அனுப்பினேன். எல்லாரும் எறும்பு மாதிரி தெரியுதாம். பெற்றோர் சங்கக் கேமராவுல கிட்டக்க நின்னு எடுத்தது நீங்கதானே? அது திங்கக்கிழமை வேணும்."

எல்ராயின் கத்தி நின்றது. "லெஸ்டர், மறக்காம குடுத்துடுப்பா," என்றார், குரலே மாறிப்போய். லெஸ்டருக்கு நுரைக்கு அடியில் முகம் வெளுத்துவிட்டது. அந்த டேப்பில் என்ன இருக்கிறது என்று உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

சீசன் முடிந்து நடக்கிற விருந்தில் போட்டுக் காட்டத்தான் சங்கத்தார் அந்தக் கேமராவை அவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். ஒன்பது ஆட்டத்திலும் அவர் எடுத்தது கர்டை மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து மகனை உட்கார வைத்து டேப்பைப் போட்டார். மார்லன் பந்தை வாங்குகிறான், இரண்டு எட்டு வைக்கிறான், படத்தைவிட்டே காணாமல் போகிறான். கூட்டம் காட்டுக் கத்தலாகக் கத்துகிறது. திரை நிறையக் கர்டின் முதுகு.

"அப்பா, பந்து எங்கப்பா?" என்றான் கர்ட்.

"பந்து... அந்தப் பக்கமா போச்சு."

"ஒரு தடவைகூடவா அந்தப் பக்கம் திருப்பல?" கர்ட் தலையில் கை வைத்துக்கொண்டான். "மானம் போச்சு!" பிறகு சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தான். "இருங்க, இதைத் திருப்பிப் போடுங்க."

பந்தைத் தூர எறிகிற கட்டம் அது. அப்போது ரன்னிங் பேக் ஓட மாட்டான். பந்து எறிகிறவனுக்குக் காவலாகப் பக்கத்திலேயே நிற்பான். கர்டின் தோளுக்கு அடியில் ஒரு தடியன் நழுவி உள்ளே பாய்கிறான். எங்கிருந்தோ மார்லன் குறுக்கே வந்து, தன்னைப்போல இரண்டு மடங்கு இருக்கிறவனை நெஞ்சில் வாங்கி மல்லாத்துகிறான்.

"நான் கோட்டை விட்ட ஆளுப்பா அது," என்றான் கர்ட் மெதுவாக. "நிறைய தடவை இப்படித்தான். அவன் யார்கிட்டயும் சொன்னதில்ல. நானும் சொன்னதில்ல."

லெஸ்டர் டேப் முழுக்க ஓட்டி எண்ணிப் பார்த்தார். பதினோரு தடவை. தன் பிள்ளையின் குறையை மறைத்தவனைத்தானே மூன்று வருஷமாகக் கரித்துக் கொட்டினோம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. டேப்பை எலி கடித்துவிட்டது என்று சொல்லிவிடலாம். தன் மானமும் தப்பும், பிள்ளையின் பதினோரு தப்பும் வெளியே வராது. ஆனால் மார்லனுக்காக அனுப்ப வேறு படம் கிடையாது.

"குடுத்துடுங்கப்பா," என்றான் கர்ட்.

ஞாயிற்றுக்கிழமை, தேவாலய ஆராதனை முடிந்ததும், பூட்டின கடைக்குள் பயிற்சியாளரும் எல்ராயும் அதைப் பார்த்தார்கள். பத்து நிமிஷம் எல்ராய் திரையில் மார்லனைத் தேடினார். பிறகு, "யோவ், உன் புள்ள முதுகுல எத்தனை மச்சம் இருக்குன்னுகூட எனக்குத் தெரிஞ்சு போச்சு. எங்க மார்லனோட எதிர்காலத்தை இப்படிப் பண்ணிட்டியேய்யா!" என்றார். திட்டுகிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினார்கள்.

வியாழக்கிழமை அந்தக் காலேஜ்காரர் போனில் பேசினார். பயிற்சியாளர் ஓட்டமும் நடையுமாகக் கடைக்கு வந்தார். "எடுத்துக்கிட்டாங்க! ஓடுறதைத்தான் எல்லாப் பள்ளிக்கூடமும் அனுப்புதாம். கையில பந்து இல்லாதப்போ பையன் என்ன பண்றான்னு காட்டின டேப் இது ஒண்ணுதானாம். எடுத்தவர் ஆட்டம் தெரிஞ்ச மனுஷன்னு சொன்னார்!"

கடை மொத்தமும் சவரத்துக்கு வந்திருந்த லெஸ்டரைப் பார்த்தது.

"எனக்கு ஒரு மண்ணும் தெரியாது," என்றார் லெஸ்டர். "அந்தப் பையன் தங்கம். நான்தான் கண்ணை மூடிக்கிட்டு இருந்தேன்."

"கண்ணை இல்ல, கேமராவை," என்றார் எல்ராய். அன்றைக்குச் சவரத்துக்குக் காசு வாங்கவில்லை.

மறுநாள் கடைசி ஆட்டம். லெஸ்டர் கோட்டோரமாக நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேமராவை மார்லன் மேல் வைத்தார். பக்கத்தில் எல்ராய் காவல் நின்றார். மார்லன் பந்தை வாங்கினான், சந்தில் புகுந்தான், நாற்பது கஜம் ஓடிக் கடைசிக் கோட்டைத் தாண்டினான். வழக்கமாக லெஸ்டர் இந்நேரம் கேமராவை நிறுத்தியிருப்பார். வழி உண்டாக்கிவிட்டு மகன் தரையில் கிடப்பதைப் பார்க்கவோ படம் எடுக்கவோ அவருக்கு மனசு வராது. இன்றைக்கு நிறுத்தவில்லை.

மார்லன் பந்தை நடுவரிடம் கொடுத்தான். கட்டிப்பிடிக்க வந்தவர்களை விலக்கிக்கொண்டு, ஓடின நாற்பது கஜமும் திரும்பி ஓடி வந்தான். கேமரா அவன் கூடவே வந்தது. மண்ணில் குப்புறக் கிடந்த அறுபத்து நாலைக் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தி, ஹெல்மெட்டில் தட்டி என்னவோ சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"ஒவ்வொரு தடவையும் இப்படியா?" என்று கேட்டார் லெஸ்டர்.

"மூணு வருஷமா," என்றார் எல்ராய். "யோவ், அழு, வேணாங்கல. கேமராவை மட்டும் ஆட்டாதே."